மெஷின் மெதுவான தை மாசம்

போன வாரம் ஜனனி போன் பண்ணினாள். காஞ்சிபுரத்தில் நான் வேலை பார்த்து ஓய்வுபெற்ற டிசைன் சென்டரில், என் நாற்காலியில் இப்போது உட்கார்ந்திருப்பவள் அவள்தான்.

“மேடம், பிராசஸர்ல மறுபடியும் ஒரு ஓட்டை கண்டுபுடிச்சிருக்காங்களாம். அத அடைக்க பேட்ச் வந்திருக்குது. போட்டா வேகம் கொறையும்னு அவங்களே எழுதியிருக்காங்க. முகூர்த்த சீசன் வேற. கஸ்டமருங்க வந்து பேஜார் பண்ணுவாங்க. சீசன் முடியட்டும்னு தள்ளி வச்சுடலாமா?”

“யாருக்கு என்ன போகும்?” என்று கேட்டேன்.

“தெரியும் மேடம், நீங்க இதைத்தான் கேப்பீங்கன்னு” என்று சிரித்தாள்.

“தெரிஞ்சிக்கினே எதுக்குடி போன் பண்ண?” என்று வைத்துவிட்டேன். நான் கொஞ்சம் முன்கோபி. ஊருக்கே தெரியும். சோறு வடிக்கும்போதுதான் உறைத்தது, பாவம், அவள் கேட்டதில் என்ன தப்பு என்று. அந்தக் கேள்வியும் என்னுடையது இல்லை. எங்கள் மேலாளர் வெங்கடேசலு சாருடையது. அவர் அதை எங்கே எப்படிக் கேட்டார் என்று தெரியாமல் வெறும் கேள்வியை மட்டும் வைத்துக்கொண்டு அவள் என்ன செய்வாள்? அதனால் எழுதுகிறேன். அவளுக்குச் சொல்கிற சாக்கில் சாருக்கு ஒரு நன்றியும் சொன்ன மாதிரி இருக்கும்.

என் அப்பா வாலாஜாபாத்தில் அரிசி மில்லில் மூட்டை தூக்கினவர். அவருக்கு முன்னால் எங்கள் வீட்டில் எல்லோரும் அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்டவர்கள். நான் பாலிடெக்னிக்கில் கம்ப்யூட்டர் படித்தேன். ஸ்ரீபெரும்புதூரில் ஒரு கம்பெனியில் ஷிப்டு பார்த்தேன். கல்யாணத்துக்குப் பிறகு நைட் ஷிப்டு ஒத்துவரவில்லை. காஞ்சிபுரத்தில் சென்டருக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று சர்ச்சில் யாரோ சொல்ல, பஸ் ஏறிப் போய்ச் சேர்ந்தேன். படிப்பு கதை இவ்வளவுதான். மிச்சத்தையெல்லாம் அங்கேதான் கற்றேன்.

சென்டர் என்ன செய்தது என்று சொல்லிவிடுகிறேன். பட்டுப் புடவை முந்தானையில் மயிலும் மாங்காயும் யாளியும் வருகிறதே, அதெல்லாம் தறிக்கு மேலே தொங்குகிற துளை போட்ட அட்டைகள் சொல்கிறபடி வருகின்றன. எந்த இழையைத் தூக்கணும், எதை விடணும் என்று துளைதான் தறிக்குச் சொல்லும். குறுக்கே ஓடுகிற ஒவ்வொரு ஊடை நூலுக்கும் ஒரு அட்டை. நெசவுக்காரர்கள் வரைந்து கொண்டுவருகிற டிசைனை இழை இழையாகப் பிரித்து, சரி பார்த்து, அட்டை வெட்டிக் கொடுப்பது எங்கள் வேலை. சொந்தமாக மெஷின் வைக்க முடியாதவர்கள் எல்லோருக்கும் சேர்த்து ஒரே சர்வர். ஆளுக்கு ஒரு பாஸ்வேர்டு, ஆளுக்கு ஒரு மூலை. எதிரெதிர் வீட்டில் தறி போட்டு ஒருத்தர் டிசைனை ஒருத்தர் மோப்பம் பிடிக்கிறவர்கள், எங்கள் ஹாலில் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருப்பார்கள். நடுவில் அட்டைப்பெட்டியைக் கிழித்துத் தடுப்பு வைத்துக்கொள்வார்கள்.

வெங்கடேசலு சார் ஜரிகைக் கடைக்காரர் வீட்டுப் பிள்ளை. வீட்டில் தெலுங்கு. சின்ன வயசில் தறியிலும் உட்கார்ந்திருக்கிறார். சத்தம் போட்டுப் பேசி நான் கேட்டதில்லை. ரொம்பக் கோபம் வந்தால் “அம்மா தல்லி” என்பார். தல்லி என்றாலும் தெலுங்கில் அம்மாதான். கோபத்தில் ரெண்டு அம்மா வந்துவிடும். யார் எதைக் கேட்டாலும் சரி, முடியாது என்று சொல்ல மாட்டார். “யாருக்கு என்ன போகும்?” என்று கேட்பார். கேட்டவரே பதில் சொல்லணும். பாதி பேர் சொல்லச் சொல்ல அவர்களே தெளிந்து எழுந்து போய்விடுவார்கள்.

இன்னொரு பழக்கம் அவருக்கு. சென்டர் வாசலில் ஒரு கரும்பலகை இருந்தது. மெஷினில் எதையாவது மாற்றப்போகிறோம் என்றால் சாக்பீஸால் அவரே எழுதுவார். என்ன செய்யப்போகிறோம், எதற்கு, அதனால் யாருக்கு என்ன கஷ்டம். கடைசி வரி எப்போதும் ஒன்றுதான். ‘திட்ட வேண்டியவர்: வெங்கடேசலு.’

சேர்ந்த புதிதில் நான் கேட்டேன், “இன்னா சார் இது, நாமளே வெத்தல பாக்கு வச்சு கூப்புடணுமா?”

“ஆள் தெரியலன்னா ஜனங்க மெஷினைத் திட்டுவாங்கம்மா. அதுக்குக் காது கேக்காது. என்னைத் திட்டினா எங்க நோவுதுன்னு எனக்குத் தெரியும்” என்றார்.

மாற்றுவதற்கு முன்னால் ஒரு தடவை, பின்னால் ஒரு தடவை, ஒரே வேலையை மெஷினுக்குக் கொடுத்து எவ்வளவு நேரம் பிடிக்கிறது என்று பார்க்கணும். இதுவும் அவர் வைத்த முறை. அதற்கென்றே நான் ஒரு முந்தானை வரைந்தேன். மெஷினுக்கு மூச்சு முட்டணும் என்று தோன்றினதையெல்லாம் அதில் போட்டேன். மயில், அன்னம், யாளி, ருத்ராட்சம், மாங்காய், ரெண்டு கோபுரம், இடம் மிச்சமிருந்ததால் மேல் ஓரத்தில் ஒரு தலைகீழ் யானை. பார்த்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். “இது முந்தானையா மியூசியமாம்மா? இதை எவ கட்டுவா?” என்பார்கள். யாரும் கட்டத் தேவையில்லை, அது மெஷினைப் பரிசோதிக்கிறதுக்கு என்பேன். அதற்குச் சொந்தக்காரர் கிடையாது. பொதுவான இடத்தில் பூட்டு இல்லாமல் கிடந்தது.

ஒரு வருஷம் பொங்கல் முடிந்த கையோடு அந்தச் செய்தி வந்தது. உலகத்தில் ஓடுகிற கம்ப்யூட்டர்களில் முக்கால்வாசிக்குப் பிராசஸரிலேயே ஓட்டை. நிரலில் ஓட்டை என்றால் நமக்குப் பழக்கம். இது இரும்பிலேயே ஓட்டை. ஒரே மெஷினில் வேலை செய்கிற ஒருவர், சாமர்த்தியம் இருந்தால், இன்னொருவர் நினைவகத்தில் வைத்திருப்பதைப் படித்துவிட முடியும். பாஸ்வேர்டு கேட்காது, தடயமும் இருக்காது. எங்கள் ஹாலில் அந்தச் சாமர்த்தியம் உள்ளவர்கள் இருந்தார்கள். பெரிய வீட்டு நெசவுக்காரர்கள் சொந்த ஆளை வைத்து எங்கள் சர்வரிலேயே சின்னச் சின்ன நிரல் எழுதி ஓட்டிக்கொள்ள நாங்களே அனுமதி கொடுத்திருந்தோம்.

அடைக்கப் பேட்ச் வந்தது. போட்டால் வேகம் குறையும் என்ற எச்சரிக்கையும் கூடவே வந்தது. சாரிடம் போனேன்.

“யாருக்கு என்ன போகும்?”

“போட்டா எல்லாருக்கும் நேரம் போகும் சார். போடலன்னா, யாரோ ஒருத்தர் டிசைன் போகலாம்.”

“யாரோன்னா யாரும்மா? பேர் சொல்லு. இப்ப மெஷின்ல இருக்கறதுலயே பார்க்கக்கூடாதது எது?”

யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. “அமுதாவோட அம்மன் முந்தானை” என்றேன்.

அமுதா, நெசவுக்காரர் சுந்தரமூர்த்தியின் மருமகள். அவர்கள் சைவக் குடும்பம். தெரு அம்மன் கோயிலில் பங்குனித் திருக்கல்யாணத்துக்குப் புடவை சாத்துகிற கட்டளை, அதாவது அந்த உரிமை, பரம்பரையாக அவர்களுடையது. வருஷா வருஷம் முந்தானை புதுசு. சந்நிதியில் திரை விலகுகிற வரைக்கும் அதை வெளியார் யாரும் பார்க்கக்கூடாது. தறியைச் சுற்றி வேட்டியைக் கட்டி மறைத்துக்கொண்டு நெய்வார்கள். வெளிக் கண் பட்டால் எச்சிலாகிவிடும் என்பார்கள். எச்சில் புடவையை அம்மனுக்குக் கொடுத்தால் கட்டளை அடுத்த பங்காளிக்குப் போய்விடும். பங்காளிகளும் இவர்கள் எப்போது சறுக்குவார்கள் என்று காத்துக்கொண்டுதான் இருந்தார்கள்.

அதுவரை டிசைன் வரைவது, அட்டை வெட்டுவது எல்லாம் வீட்டுக்குள்ளேயே நடந்தது. அட்டை வெட்டிக்கொண்டிருந்த சுந்தரமூர்த்தியின் அண்ணன் அந்த ஐப்பசியில் இறந்துபோனார். வேறு வழியில்லாமல் முதல் தடவையாக எங்களிடம் வந்தார்கள். அமுதாதான் வரைந்தாள். வரைவதில் நல்ல கை. வந்த அன்றைக்கே என்னைத் தனியாகக் கூப்பிட்டு, “மேடம், உங்க மெஷினு பார்க்கலாம். மனுசங்க பார்க்கக்கூடாது” என்றாள். நான் கிறிஸ்தவச்சி, எனக்கு அம்மன் வழக்கம் எல்லாம் தெரியாது. ஆனால் நம்பி ஒப்படைக்கிறது என்றால் என்ன என்று தெரியும். அவள் வேலை செய்யும்போது அந்தப் பக்கம் தலையைத் திருப்ப மாட்டேன். சந்தேகம் கேட்டால் வாயால் சொல்லச் சொல்லித்தான் பதில் சொன்னேன்.

“அப்ப போட்டுடும்மா” என்றார் சார். பலகையில் எழுதினார். ‘மெஷினில் கதவு ஒன்று திறந்து கிடக்கிறது. மூடுகிறோம். மூடினால் மெதுவாகும். திட்ட வேண்டியவர்: வெங்கடேசலு.’

கொஞ்சம் மெதுவாகும் என்றுதான் நினைத்தோம். என் மியூசியம் முந்தானையை ஓடவிட்டேன். முன்பெல்லாம் காலையில் கொடுத்தால் பதினொரு மணி டீக்கு முன்னால் முடிந்துவிடும். அன்றைக்கு டீ போச்சு, சாப்பாடு போச்சு, சாயங்காலம் பஸ்ஸுக்குக் கிளம்பும்போதுதான் முடிந்தது.

தை மாசம், கல்யாண சீசன். ஹாலில் ஒரே கூச்சல். எல்லோரையும் விட அமுதாவுக்குத்தான் கழுத்தில் கத்தி. அட்டை வேலை ஒரே தடவையில் முடிகிறது இல்லை. ஓடவிட்டுப் பார்த்தால் எங்கேயாவது ஜரிகை நீளமாகத் தொங்கும், ஒரு கரை ஒட்டாது. திருத்தி மறுபடி ஓடவிடணும். முன்பு ஒரு நாளில் மூன்று நாலு தடவை திருத்தலாம். இப்போது நாளுக்கு ஒன்றுதான். அந்தக் கணக்கில் போனால் அட்டை முடியவே மாசி கடைசியாகிவிடும், அதற்கப்புறம் நெய்து பங்குனிக்கு எங்கே கொடுப்பது? புடவை இல்லை என்றாலும் கட்டளை போகும். இருதலைக் கொள்ளி எறும்பு மாதிரி அவள் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள்.

தனியாக ஒரு மெஷின் வாங்கி அவளுக்குக் கொடுக்கலாமே என்று கேட்பீர்கள். மூன்று கொட்டேஷன் வாங்கி, மேலே அனுப்பி, அது இறங்கி வருவதற்குள் அடுத்த பங்குனி வந்துவிடும்.

மூன்றாம் நாளோ நாலாம் நாளோ சுந்தரமூர்த்தியே வந்தார். பலகை முன்னால் நின்று முழுவதும் படித்தார். நேராக உள்ளே வந்து, “இன்னா சார், திட்ட வேண்டியவரு நீங்கதானே?” என்றார்.

“நான்தான் அண்ணா. உக்காருங்க. மொதல்ல திட்டிடுங்க, அப்புறம் பேசலாம்” என்றார் சார்.

உட்காரவைத்து, திட்டுங்கள் என்று அழைத்தால் யாருக்குத் திட்ட வரும்? அவருக்கு வரவில்லை. துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். “தறி சும்மா நின்னுக்கினு இருக்குது சார். என் மருமக ராவெல்லாம் தூங்கல. அந்தப் பேட்சோ என்னமோ, அத எங்களுக்காவ ஒரு வாரம் எடுத்துடுங்க. அட்டை வெட்டினதும் திரும்பப் போட்டுக்கோங்க.”

யாருடைய டிசைனுக்காகக் கதவை மூடினோமோ அவரே வந்து திறக்கச் சொல்கிறார். அதைச் சொல்லிவிட எனக்கு நாக்கு நுனி வரை வந்தது. சார் என்னைப் பார்த்த பார்வையில் வாயை மூடிக்கொண்டேன்.

“அண்ணா, தெருமுனையில நாம டீ குடிக்கறோமே,” என்று ஆரம்பித்தார். “நீங்க தூரத்துல வரும்போதே மாஸ்டர் உங்களுக்குச் சர்க்கரை இல்லாம ஒண்ணு ஆத்த ஆரம்பிச்சுடுவாரு. தெனமும் அதானே குடிக்கிறீங்க. நீங்க வந்து ‘இன்னிக்கு காபி’ன்னா, டீயைக் கீழ ஊத்திட்டு காபி போடுவாரு. அதனாலதான் அந்தக் கடை வேகம். இந்த பிராசஸரும் அப்படித்தான். நீங்க சொல்றதுக்கு முன்னாடியே யூகிச்சு வேலைய ஆரம்பிச்சுடும். தப்பாப்போனா ஊத்திடும்.”

“சரி.”

“ஊத்திட்டாரு. ஆனா கிளாஸு ஈரமா மேசை மேல இருக்குது. பக்கத்துல உக்காந்திருக்கறவன் அத மோந்து பார்த்து, இந்தாளு தெனமும் சர்க்கரை இல்லாம குடிக்கறவருன்னு கண்டுபுடிச்சுடலாம். நீங்க வாயத் தெறந்து அவன்கிட்ட சொல்லவேயில்ல. அந்த மாதிரி, மெஷின் ஊத்திட்ட கிளாஸ மோந்து பார்த்தே ஒருத்தன் உங்க முந்தானைய எடுத்துடலாம். அதுக்காவ இப்ப கிளாஸக் கழுவித் தொடச்சு கவுத்து வச்சப்புறம்தான் அடுத்த ஆளக் கவனிக்கணும்னு சொல்லியிருக்கோம். அதான் மெதுவாப் போவுது.”

சுந்தரமூர்த்தி துண்டை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டார். பிறகு, “எங்களுத இதுவரிக்கும் எவனாச்சும் பார்த்துட்டானா?” என்றார்.

“தெரியாது அண்ணா.”

“பார்த்தா தெரியுமா?”

“தெரியாது.”

பொய் சொல்லியிருக்கலாம். யாரும் பார்க்கவில்லை, கவலைப்படாதீர்கள் என்று ஒரு வார்த்தை. சார் சொல்லவில்லை. வாசலில் நின்றுகொண்டிருந்த அமுதா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். “அப்ப அம்மன் போன வருசப் புடவையிலதான் நிக்கணுமா மாமா?” என்றாள்.

சுந்தரமூர்த்தி எழுந்தார். “எனக்குத் தெரியாம நடந்தா அத அம்மனே பார்த்துக்குவா. தெரிஞ்சே கதவத் தெறந்து வச்சா அது நான் பண்ண பாவம். எடுக்க வேணாம் சார், இருக்கட்டும். வேகத்துக்கு வேற எதுனா வழி பாருங்க.” என்னைப் பார்த்தும் ஒரு கும்பிடு போட்டார். அந்தக் கும்பிடு எனக்கு ரொம்பப் பாரமாக இருந்தது.

பதறாத காரியம் சிதறாது என்பார்கள். எனக்குப் பதறாமல் இருக்கத் தெரியாது. ஆனால் பதறிக்கொண்டே ஒவ்வொன்றாகப் பார்க்கத் தெரியும். மெஷினில் ஓடுகிற வேலைகளைத் தனித்தனியாக ஓடவிட்டேன். படம் வரைகிற வேலை கொஞ்சம்தான் மெதுவாகியிருந்தது. கணக்குப் போடுகிற வேலை மாறவே இல்லை. அட்டைக்குப் பிரிக்கிற ஒரு நிரல் மட்டும் நொண்டிக்கொண்டிருந்தது. எல்லோருக்கும் ஒரே பேட்ச், இவன் மட்டும் ஏன் படுத்துவிட்டான்?

உள்ளே என்ன செய்கிறது என்று பார்த்தேன். ஒரு ஊடைக்கான வரியைப் படிக்க டிஸ்குக்குப் போகிறது, கோப்பைத் திறக்கிறது, ஒரே ஒரு வரி படிக்கிறது, மூடுகிறது. அதற்கு ஒரு அட்டை எழுத மறுபடி போகிறது, மூடுகிறது. அடுத்த ஊடைக்கு மறுபடி முதலிலிருந்து. சாம்பாருக்கு ஒவ்வொரு மிளகாயாகக் கடைக்குப் போய் வாங்கி வருகிற மாதிரி. கடை பக்கத்தில் இருந்தவரை தெரியவில்லை. இப்போது நடுவில் ரயில்வே கேட் போட்டுவிட்டார்கள். அந்தப் பேட்ச் வந்த பிறகு, நிரல் டிஸ்க் வேலைக்காக இயங்குதளத்திடம் போய்வருகிற ஒவ்வொரு தடவையும் கேட்டில் நிற்கிறது.

எந்தப் புண்ணியவான் இப்படி எழுதினான் என்று நிரலின் தலைப்பைப் பார்த்தேன். வெங்கடேசலு என்று இருந்தது.

அவர் மேசைக்குப் போய் நின்றேன். “சார், அட்டை புரோகிராம் நீங்களா எழுதினீங்க?”

“ஆமாம்மா. ஏன், நல்லா இல்லியா?”

“ஒரு ஊடைக்கு ஒரு தடவை போயிட்டுப் போயிட்டு வருது சார்.”

முதலில் அவருக்குப் புரியவில்லை. “தறி அப்படித்தானேம்மா ஓடுது? ஒரு அட்டை, ஒரு ஊடை, அடுத்த அட்டை” என்றார். பிறகு நிறுத்தினார். கையைத் தூக்கி நெற்றியில் அடித்துக்கொண்டு, “அம்மா தல்லி” என்றார். இந்தத் தடவை கோபம் அவர் மேலேயே. அப்புறம் சிரிக்க ஆரம்பித்துவிட்டார். தறியில் உட்கார்ந்தவர் எழுதினால் நிரலும் தறி மாதிரியேதான் நடக்கும். வெளியூரில் படித்து வந்தவன் எவனும் அப்படி எழுதியிருக்க மாட்டான். அந்தக் காலத்து மெஷினில் நினைவகமும் கொஞ்சம்தான், அப்போது அதுதான் சரி.

“கைய வைம்மா. என் பேர் இருக்குதுன்னு பார்க்காத” என்றார். சொல்லிவிட்டு நாற்காலியை இழுத்துப்போட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

அவர் வைத்த முறை ஒன்று உண்டு. மாற்றுகிறவர் ஒவ்வொரு வரியையும் வாய்விட்டுப் படிக்கணும். பக்கத்தில் இருப்பவர் அது என்ன செய்கிறது என்று தன் வார்த்தையில் திருப்பிச் சொல்லணும். ரெண்டும் பொருந்தினால்தான் அடுத்த வரி. எனக்கு எரிச்சலாக இருக்கும், எல்.கே.ஜி. மாதிரி. அன்றைக்கு அவர் எழுதின நிரலை நான் படிக்க, அவர் திருப்பிச் சொல்ல, எங்கெங்கே போய்வருகிறதோ அங்கெல்லாம் அடித்தோம். முழு டிசைனையும் ஒரே தடவையில் எடுத்து வைத்துக்கொள், எல்லா அட்டையையும் உள்ளேயே போடு, கடைசியில் ஒரே தடவையில் எழுது. அவ்வளவுதான் மாற்றம்.

மியூசியம் முந்தானையை ஓடவிட்டேன். சீக்கிரம் முடிந்தது. துள்ளிக்குதித்தேன். சார், “பழைய அட்டையோட ஒவ்வொரு துளையும் ஒத்துப் போவுதா பாரு” என்றார். பார்த்தால் போகவில்லை. கடைசி ஊடை காணோம். மேல் ஓரத்துத் தலைகீழ் யானைக்குக் கால் நகமே இல்லை. எண்ணுகிற இடத்தில் ஒன்று குறைத்து எழுதியிருந்தேன். அம்மன் முந்தானையில் இது போயிருந்தால் தறியில் ஏறின பிறகுதான் தெரிந்திருக்கும். “உன் யானை காப்பாத்திச்சும்மா” என்றார் சார். திருத்தி ஓடவிட்டேன், துளைக்குத் துளை பொருந்தியது.

பழைய வேகம் வரவில்லை. அதைச் சொல்லிவிடணும். காலையில் கொடுத்தால் டீக்கு முன்னால் இல்லை, சாப்பாட்டுக்கு முன்னால் வந்தது. அமுதா ஒரு நாளைக்கு ரெண்டு தடவை திருத்த முடிந்தது. ரெண்டு போதும் என்றாள். மாசி பிறக்கும்போது அட்டைக் கட்டைத் துணியில் சுற்றி மாமனாரும் மருமகளும் ஸ்கூட்டரில் நடுவில் வைத்து எடுத்துப் போனார்கள்.

மறுநாள் பலகையில் புதுசாக எழுதியிருந்தது. ‘பழைய வேகம் இனி வராது. திட்ட வேண்டியவர்: வெங்கடேசலு. கொஞ்சமாவது திரும்பி வந்ததற்குக் காரணம்: எஸ்தர்.’ எனக்கு வெட்கமாகப் போய் என் பேரை அழித்துவிட்டேன். மதியம் பார்த்தால் மறுபடி இருந்தது. அரிசி மில் கூலிக்காரர் மகள் பேர், ஊர் பார்க்கிற இடத்தில், சார் கையெழுத்தில். பஸ்ஸில் வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் அழுதேன்.

பங்குனியில் அமுதா கூப்பிட்டாள் என்று போனேன். கோயில் வாசலிலேயே ஓரமாக நின்றேன். மேளம் உச்சத்துக்குப் போனதும் திரை விலகியது. அரக்குப் புடவையில் அம்மன். முந்தானை முழுக்க நெல் கதிர், இடையிடையே சின்னச் சின்னக் குருவிகள். அன்றைக்குத்தான் நானும் பார்க்கிறேன். அத்தனை நாள் என் மெஷினில் இருந்தது, எண்ணாகவும் துளையாகவும்தான் எனக்குத் தெரியும். பங்காளிகள் பக்கம் பார்த்தேன். ஒருத்தர் பெரிசாகக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். சுந்தரமூர்த்தி கூட்டத்துக்கு மேலே தலையை நீட்டி என்னைத் தேடினார். கையைத் தூக்கிக் காட்டினேன். கர்த்தருக்கும் அம்மனுக்கும் சேர்த்தே நன்றி சொல்லிவிட்டு வந்தேன்.

அதற்கப்புறம் அதே ஜாதி ஓட்டைகள் வரிசையாக வந்தன. ஒவ்வொரு பேட்சும் வேகத்தில் ஒரு கிள்ளு கிள்ளிக்கொண்டுதான் போயிற்று. சார் ஓய்வுபெற்றுப் போனார். பலகையின் கடைசி வரியில் என் பேரை நானே எழுதினேன். ஜனங்கள் நன்றாகவே திட்டினார்கள். எங்கே நோகிறது என்று எனக்கும் தெரிந்தது. இத்தனை வருஷத்தில் எனக்குக் கிடைத்த பெரிய சம்பளம் அந்த மனுஷர் பக்கத்தில் உட்கார்ந்து வாய்விட்டுப் படித்த நாட்கள்தான். இதை அவரிடம் நேரில் சொல்லியிருக்கிறேன். “அம்மா தல்லி, போதும்” என்றார்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே ஜனனி ஒரு போட்டோ அனுப்பியிருக்கிறாள். பலகை. ‘மெஷினில் இன்னொரு கதவு. மூடுகிறோம். மெதுவாகும். திட்ட வேண்டியவர்: ஜனனி.’ போன் கோபம் போய்விட்டது. ஆனால் அவள் மேல் எனக்கு வேறொரு கோபம் ரொம்ப நாளாகப் பாக்கி இருக்கிறது. அதையும் சொல்லிவிடுகிறேன்.

நான் ஓய்வுபெற்ற அன்றைக்கு மாலை, கேசரி எல்லாம் ஆன பிறகு, அமுதா ஒரு பெட்டியைக் கொண்டுவந்து கொடுத்தாள். திறந்தால் பட்டுப் புடவை. பிரித்தேன். முந்தானையில் மயில், அன்னம், யாளி, ருத்ராட்சம், மாங்காய், ரெண்டு கோபுரம். ஓரத்தில் தலைகீழ் யானை. நாலு காலிலும் நகம் இருந்தது.

எனக்கு முதலில் வந்தது கோபம்தான். “யாருடி சென்டர் டிசைன வெளிய குடுத்தது?” என்று கத்தினேன். கேசரித் தட்டோடு எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

ஜனனி அமுதாவுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டு, “நான்தான் மேடம். எல்லாத்தையும் நீங்க பூட்டிட்டீங்க. உங்களுது ஒண்ணுதான் பூட்டாம இருந்துச்சு” என்றாள்.

அமுதா புடவையை எடுத்து என் தோள் மேல் போட்டு, மடிப்பைச் சரி செய்தாள்.

“இத நெய்யறதுக்குள்ள உசுரு போயிடுச்சு எஸ்தர்க்கா. தறியச் சுத்தி வேட்டி கட்டிக்கினு, மெதுவாத்தான் நெய்ஞ்சோம்” என்றாள். “உனக்கு முன்னாடி யாருக்கும் காட்டல.”